கிணத்துல நீந்துற பொண்ணை நீச்சல் டீம்ல சேர்க்கலாமா? மதுரை அம்மா அப்பாக்கள் சொல்லுங்க

மேலூர்_மக · மே 24, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிக்க மட்டும் வருவேன், இப்பதான் முதல் தடவையா எழுதுறேன்.

என் பொண்ணுக்குப் பத்து வயசு, ஜூன்ல அஞ்சாப்பு போறா. மேலூர் பக்கம் எங்க அப்பாவோட தோட்டத்துக் கிணத்துல நீச்சல் கத்துக்கிட்டா. முதுகுல காலி எண்ணெய் கேனைக் கட்டி, இடுப்புல கயிறு போட்டு, மேல இருந்து அப்பா பிடிச்சுக்கிட்டாரு. ரெண்டு லீவுல கேன் போச்சு, கயிறு போச்சு. இப்ப மூணாவது படியில இருந்து குதிக்கிறா.

இந்த மே மாசம் மதுரையில ஒரு நீச்சல் குளத்துல பத்துப் பன்னெண்டு நாள் கோடை முகாம்ல விட்டேன். முடியிற அன்னைக்கு கோச் கூப்பிட்டு, "பாப்பாவுக்குத் தண்ணி பயமே இல்லம்மா, டீம் பிராக்டிஸ்ல விடுங்க"ன்னு சொன்னாரு. வாரத்துக்கு நாலு நாள், காலையில 5.45ல இருந்து 7 மணி வரைக்கும். நாங்க இருக்கிறது அண்ணா நகர். வீட்டுக்காரர் "பார்ப்போம்"ங்கிறாரு. அவர் "பார்ப்போம்"னா என்ன அர்த்தம்னு கல்யாணமான எல்லாருக்கும் தெரியும். எங்க அத்தை ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க: "பொம்பளப்பிள்ளை கறுத்துப் போகும்."

எனக்கு நீச்சல் தெரியாது. டீம்னா என்ன செய்வாய்ங்க, வீட்டுல எவ்வளவு பாடு படணும், படிப்பு என்னாகும், ஒண்ணும் தெரியலை. விட்டுப் பார்த்தவங்க சொல்லுங்க.

கடப்பாரை_நீச்சல் · மே 24, இரவு 9.58

எனக்குத் தெரிஞ்ச ஒரே நீச்சல் என் பேருலயே இருக்கு அக்கா. நேரா கீழ. பாப்பாவுக்கு வாழ்த்து, இந்த இழையை ஓரமா உக்காந்து படிக்கிறேன்.

பழைய_நாலாம்_லேன் · மே 24, இரவு 11.20

நான் பள்ளிக்கூடக் காலத்துல மாவட்டப் போட்டி வரைக்கும் நீந்துனவன். இப்ப பேங்க்ல வேலை, தொப்பை. ஆனா கிணத்துல இருந்து குளத்துக்கு வந்தவன், அதனால உங்க பொண்ணுக்கு என்ன நடக்கப் போகுதுண்டு நல்லாவே தெரியும்.

முதல்ல நல்ல சேதி. ஆழம்னா பயம் இல்லாத பிள்ளைக்குப் பாதி வேலை முடிஞ்சது. டவுன்ல பிறந்த பிள்ளைங்க நாலடித் தண்ணியில கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மாசம் அழுவாய்ங்க. கிணத்துப் பிள்ளை அடி தெரியாத தண்ணியில குதிச்சுப் பழகினது.

இப்ப கெட்ட சேதி. நம்ம கிணத்து நீச்சல்ல தலை எப்பவும் மேலதான் இருக்கும். சுத்தி சுவரு, எதிர்ல குதிக்கிறவன், மேல இருந்து எவனாவது தலையில விழுவான், பார்த்துக்கிட்டேதான் நீந்தணும். போட்டி நீச்சல்ல அந்தப் பழக்கத்தை மொத்தமா அழிக்கணும். தலையைத் தூக்குனா இடுப்பு இறங்கிடும், இடுப்பு இறங்குனா கால் கீழ தொங்கும், அப்புறம் தண்ணியை இழுத்துக்கிட்டே போற மாதிரிதான். முகத்தை உள்ள வச்சு, மூச்சைத் தண்ணிக்குள்ளயே விட்டு, வாங்குறதுக்கு மட்டும் பக்கவாட்டுல லேசாத் திருப்பணும். நீச்சல் கண்ணாடியில ஒரு கண்ணு தண்ணிக்குள்ள, ஒரு கண்ணு வெளிய. அவ்வளவுதான் திருப்பல்.

எனக்கு இது வர மூணு மாசம் ஆச்சு. கிணத்துல நான் ராஜா. குளத்துல என்னை விட ரெண்டு வயசு சின்னப் பையன் என்னைத் தாண்டிப் போவான், கை அசையிறதே தெரியாது. அந்த மூணு மாசம்தான் பிள்ளைங்க நின்னுடுற நேரம். "எனக்கு நீச்சல் தெரியும்"ங்கிற நினைப்பு உடையுறப்ப ரொம்ப வலிக்கும். நீங்க தயாரா இருக்க வேண்டியது அதுக்குத்தான், ஃபீசுக்கு இல்லை.

வீட்டுலயே ஒண்ணு செய்யலாம். பெரிய அண்டாவுல தண்ணி பிடிச்சு, முகத்தை முக்கி, "ம்ம்ம்ம்"னு சத்தம் போட்டுக்கிட்டே மூச்சை விடச் சொல்லுங்க. சத்தம் வந்தா மூச்சு போகுதுண்டு அர்த்தம். மூச்சைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா சத்தம் வராது. எங்க கோச் எனக்குச் சொல்லிக் கொடுத்தது, எங்கம்மா அந்த அண்டாவை அதுக்கப்புறம் பொங்கலுக்கு எடுக்கவே இல்லை.

மேலூர்_மக · மே 25, காலை 6.50

அண்ணே, நீங்க சொன்னது அப்படியே! முகாம்ல கடைசி நாள் 25 மீட்டர் நீந்தச் சொன்னாங்க. இவ தலையை நட்டமாத் தூக்கிக்கிட்டு, கொக்கு மாதிரி கழுத்தை நீட்டிக்கிட்டு, முழுசும் போயிட்டா. பக்கத்துல எல்லாம் சிரிச்சாய்ங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு, அவளுக்கு முகம் சுருங்கிப் போச்சு. அண்டா யோசனை இன்னைக்கே.

கணக்குப்_பார்க்கும்_அப்பா · மே 25, காலை 10.15

எல்லோரும் உற்சாகப்படுத்துவீர்கள் என்று தெரியும். மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

என் மகனை இரண்டு ஆண்டுகள் ஒரு தனியார் பயிற்சியில் விட்டிருந்தேன். பெயர் வேண்டாம். ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கினார்கள். அந்த ஓராண்டில் மூன்று பயிற்சியாளர்கள் மாறினார்கள். ஒரு லேனில், அதாவது குளத்தில் கயிறு கட்டிப் பிரித்த ஒரு தடத்தில், பதினைந்து பிள்ளைகள். என் மகன் நீந்திய நேரத்தை விடச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம் அதிகம். நான் ஒருநாள் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், ஒரு மணி நேரத்தில் பதினெட்டு நிமிடம்தான் அசைந்திருந்தான். போட்டி என்றால் தனிப் பணம், பனியன் தனிப் பணம். கேட்டால் "ஸ்டேட் லெவல் பொட்டன்ஷியல் சார்" என்பார்கள். அங்கிருந்த எல்லாப் பிள்ளைகளின் அப்பாவிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

காலை 5 மணிக்கு எழுப்பி, வண்டியில் கொண்டுபோய், அங்கே காத்திருந்து, திரும்ப வந்து பள்ளி வேனுக்கு ஓடி, மாலையில் பிள்ளை வீட்டுப்பாடத்தின் மேலேயே தூங்கிவிழும். எதற்காக என்று ஒருநாள் என்னையே கேட்டுக்கொண்டேன். நிறுத்திவிட்டேன். அவன் அழவில்லை. அது எனக்குப் பதில் சொல்லிவிட்டது.

ரெட்டைப்பிள்ளை_அம்மா · மே 25, பகல் 12.30

சார், நீங்க பட்டது உண்மைதான், அதை மறுக்கலை. ஆனா அது அந்த இடத்தோட குத்தம், நீச்சலோட குத்தம் இல்லைங்கிறது என் எண்ணம். எனக்கு ரெண்டு பிள்ளைங்க, ரெண்டும் நாலு வருஷமா டீம்ல இருக்கு. அதனால அக்காவுக்கு, சேர்க்கிறதுக்கு முன்னாடி நான் பார்க்கிறதைச் சொல்றேன்.

சொல்லாம கொள்ளாம ஒரு நாள் போய் முழு பிராக்டிசும் உக்காந்து பாருங்க. "பேரன்ட்ஸ் உள்ள வரக்கூடாது"ன்னா அங்கயே திரும்பிடுங்க. கரையில நின்னு சத்தம் போட்டுக் கோச் வேலையை நாம பார்க்கக் கூடாதுங்கிறது நியாயம், பார்க்கவே கூடாதுங்கிறது நியாயம் இல்லை.

ஆழமான பக்கத்துல நின்னு தண்ணியைப் பாருங்க. அடியில போட்டிருக்கிற கோடு தெளிவாத் தெரியணும். தெரியலைன்னா உள்ள முங்குன பிள்ளையும் தெரியாது. குளம் பச்சையா இருந்தா எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். மிதவை வளையம், நீளக் கம்பு, காப்பாத்துறதுக்குன்னே ஒரு ஆளு, இந்த மூணும் இருக்கான்னு பாருங்க. கோச்சே லைஃப்கார்டும்னு சொல்வாங்க. அவர் அந்தக் கோடியில ஒரு பிள்ளைக்குக் கை திருத்திக்கிட்டு இருக்கிறப்ப இந்தக் கோடியை யார் பார்ப்பா?

கோச் எங்க படிச்சாருன்னு கேட்கத் தயங்காதீங்க. பாட்டியாலா என்.ஐ.எஸ்.ல (தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம்) டிப்ளமா முடிச்சவங்க இருக்காங்க, நல்லா நீந்துனவங்கிற ஒரே தகுதியில வந்தவங்களும் இருக்காங்க, ரெண்டுலயும் நல்லவங்க உண்டு. ஆனா கேட்டதுக்குக் கோவப்படுறவர் வேண்டாம். பொம்பளப்பிள்ளைகளுக்குத் தனியா உடை மாத்துற இடம் இருக்கா, தாழ்ப்பாள் விழுதா, அதையும் பாருங்க. கூச்சப்பட்டுக்கிட்டு நான் முதல் வருஷம் இதைப் பார்க்கலை, பிள்ளை ஈர டிரெஸ்ஸோட வண்டியில வந்தது.

ஒரு வருஷத்துக்கு மொத்தமா மட்டும் கட்டாதீங்க. மூணு மாசம் போதும். ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். ஸ்டேடியத்துல அரசாங்கக் குளம் இருக்கு, அங்கயும் விசாரிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

காதுமூக்கு · மே 25, இரவு 10.05

தொழில்முறையில் கொஞ்சம் சொல்கிறேன். மே, ஜூன் மாதங்களில் என்னிடம் வரும் பிள்ளைகளில் நீச்சல் காதுவலி தனி வரிசை.

குளித்துவிட்டு வந்த பிள்ளை காதைத் தொட விடாமல் அழுதால், காது மடலை லேசாக இழுத்துப் பாருங்கள். இழுத்தால் வலி கூடுகிறது என்றால் பெரும்பாலும் வெளிக்காதில் வந்த தொற்று. ஈரம் தங்கித் தோல் ஊறிப்போவதால் வருவது. தடுக்க எளிய வழி: வெளியே வந்ததும் தலையைச் சாய்த்து, மடலை இழுத்துவிட்டுத் தண்ணீரை வடியவிட்டு, துண்டின் ஓரத்தால் வெளிப்பக்கம் மட்டும் ஒற்றுவது. பட்ஸ் வேண்டாம். ஊக்கு வேண்டாம். தயவுசெய்து, காய்ச்சிய நல்லெண்ணெய் வேண்டாம். அப்பத்தாக்கள் மன்னிக்க வேண்டும், அந்த எண்ணெயை உறிஞ்சி எடுப்பதற்கே எனக்கு அரைமணி ஆகிறது. செவிப்பறையில் ஓட்டை உள்ள பிள்ளையை மருத்துவரிடம் காட்டாமல் குளத்தில் இறக்கவே கூடாது.

சளி பிடிக்கும் என்ற பயத்துக்கு: சளி கிருமியால் வருவது, தண்ணீரால் அல்ல. ஈரத்தலையோடு வண்டியில் வந்தால் குளிரும், அவ்வளவுதான். வலிப்பு, இளைப்பு உள்ள பிள்ளைகள் என்றால் பயிற்சியாளரிடம் மறைக்காதீர்கள். வயிற்றுப்போக்கு வந்த பிள்ளையை நின்ற மறுநாளே குளத்துக்கு அனுப்பாதீர்கள், சில கிருமிகள் குளோரின் கலந்த தண்ணீரிலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இன்னொன்று. குளத்தில் வாடை தூக்கலாக அடித்தால் "நல்லாக் குளோரின் போட்டிருக்காங்க" என்று பலர் திருப்திப்படுகிறார்கள். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் பொருளின் வாடை அது. கண் சிவப்பதும் அதனால்தான். குளத்தில் இறங்குமுன் உடம்பைக் கழுவச் சொல்வது சடங்குக்காக அல்ல.

கடப்பாரை_நீச்சல் · மே 25, இரவு 10.12

டாக்டர், இதைப் படிச்சதுக்கப்புறம் எந்தக் குளத்துலயும் இறங்கக் கூடாதுங்கிற என் முடிவு உறுதியாயிருச்சு.

வைகைக்கரை · மே 26, காலை 8.00

கறுத்துப் போகும்ங்கிறதுக்கு யாருமே பதில் சொல்லலையே? அக்கா கேட்டதுல அதுதான் பெரிய தடை. உண்மையைச் சொல்லுங்கப்பா, கறுக்குமா கறுக்காதா?

ரெட்டைப்பிள்ளை_அம்மா · மே 26, காலை 8.25

கறுக்கும். மழுப்ப வேண்டியதில்லை. என் பொண்ணுக்கு முதுகுல நீச்சல் டிரெஸ் கோடு அப்படியே எக்ஸ் போட்ட மாதிரி இருக்கும். காலை பிராக்டிஸ்னா வெயில் ஏறுறதுக்குள்ள முடிஞ்சிரும், கொஞ்சம்தான். சாயங்காலம் நாலு மணி பேட்ச்னா மதுரை வெயிலு சும்மா விடாது. தண்ணிக்கு நிக்கிற சன்ஸ்க்ரீன் தடவுறோம், அதுவும் தண்ணியில 40ல இருந்து 80 நிமிஷம்தான் நிக்கும்.

கல்யாணப் பேச்சுல ஒரு சொந்தக்காரம்மா "பிள்ளை என்ன இப்படி ஆயிட்டா"ன்னாங்க. பிள்ளைக்கு அப்ப வயசு பதினொண்ணு! "அவ இருநூறு மீட்டர் நிக்காம நீந்துவா, உங்க வீட்டுல யாரு நீந்துவா"ன்னு என் மாமியார் கேட்டாங்க. நான் இல்லை, என் மாமியார். அதனால அத்தைங்களை முன்கூட்டியே எதிர்க்கட்சின்னு முடிவு பண்ணிடாதீங்க. ஒரு நாள் குளத்துக்குக் கூட்டிட்டுப் போங்க.

மூணாம்_லேன்_பிள்ளை · மே 26, மாலை 5.40

நான் பிளஸ் ஒன். ஆறாப்புல இருந்து டீம்ல இருக்கேன். பெரியவங்களா பேசிட்டு இருக்கீங்க, நீந்துற ஆளு நான் ஒருத்திதான் போல இருக்கு, அதனால எழுதுறேன் ஆன்ட்டி.

காலையில எப்படி இருக்கும்னு சொல்றேன். முதல்ல தண்ணியில கால் வைக்கிற அந்த ஒரு செகண்ட் மட்டும்தான் கஷ்டம், மார்கழியில ரெண்டு செகண்ட். சுவத்துல பெரிய கடிகாரம் இருக்கும். மணி முள்ளு நிமிஷ முள்ளு எதுவும் கிடையாது, செகண்ட் முள்ளு மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும். கோச், "எட்டு ஐம்பது, ஒன்னரைக்கு ஒண்ணு"ம்பாரு. ஐம்பது மீட்டர் எட்டு தடவை, ஒவ்வொண்ணும் ஒன்னரை நிமிஷத்துக்குள்ள முடிச்சு, மிச்ச நேரம்தான் மூச்சு வாங்க. வேகமா முடிச்சா அதிக ரெஸ்ட். சோம்பேறிக்கு ரெஸ்டே கிடையாது. முன்னாடி போறவ கிளம்பி அஞ்சு செகண்ட் கழிச்சு அடுத்தவ கிளம்பணும், லேன்ல ஒரு பக்கமாப் போய் மறுபக்கமாத் திரும்பணும். கணக்குல நான் வீக், ஆனா அறுபதுக்குள்ள கூட்டுறது கழிக்கிறது மட்டும் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்.

என் முதல் மீட்டை, அதாவது போட்டியை, மறக்கவே முடியாது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக் (தவளை மாதிரி நீந்துறது) ஐம்பது மீட்டர். நான்தான் முதல்ல தொட்டேன். மேல பார்த்தா கோச் முகத்துல ஈயாடலை. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்லயும் பட்டர்ஃபிளைலயும் ரெண்டு கையும் ஒரே நேரத்துல சுவத்தைத் தொடணும். அவசரத்துல ஒரு கையால தொட்டிருக்கேன். டிஸ்குவாலிஃபை. பேரே போர்டுல வரலை. அப்பா வண்டியில ஒரு வார்த்தை பேசலை, நேரா பருத்திப்பால் வண்டி முன்னாடி நிறுத்துனாரு. ரெண்டு டம்ளர் குடிச்சேன். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் பாத்ரூம் கதவைக்கூட ரெண்டு கையாலதான் தொடுறேன்.

உங்க பாப்பா நிக்கிறாளா ஓடுறாளாங்கிறது லேன்ல கூட யாரு இருக்காங்கிறதைப் பொறுத்தது. ஃபிரண்டு ஒருத்தி கிடைச்சிட்டா, காலையில நீங்க எழுப்ப வேண்டாம், அவளே உங்களை எழுப்புவா.

தலைக்கு எண்ணெய் தேச்சுட்டு அனுப்பாதீங்க, கேப் வழுக்கிட்டுப் போயிடும், குளமும் பாழ். கேப் போடுறதுக்கு முன்னாடி நல்ல தண்ணியில தலையை நனைச்சிட்டா, முடி ஏற்கனவே தண்ணி குடிச்சிருக்கும், குளோரின் தண்ணி அவ்வளவா ஏறாது. பீரியட்ஸ் வந்தா என்ன பண்றதுன்னு யாரும் கேட்க மாட்டீங்க, நானே சொல்றேன். எங்க டீம்ல சில அக்காங்க மாதவிடாய் கப் வச்சுக்கிட்டு நீந்துவாங்க, நான் முதல் ரெண்டு நாள் லீவு போட்டுருவேன். எங்களுக்கு லேடி கோச், "வரலை மேம்"னு ஒரு மெசேஜ், அதோட சரி. காரணம் கேட்கிற கோச்னா சேராதீங்க.

மேலூர்_மக · மே 26, இரவு 9.15

பாப்பா, நீ எழுதுனதை என் பொண்ணுக்கு அப்படியே வாசிச்சுக் காட்டினேன். ஒரு கையால தொட்ட இடத்துல "அய்யய்யோ"ன்னா. பருத்திப்பால் இடத்துல "எனக்கும்"னா.

டிரெஸ் பத்தி ஒரு சந்தேகம். முட்டி வரைக்கும் மூடுற மாதிரி போட்டா போட்டியில ஒத்துக்குவாங்களா? இப்ப வரைக்கும் பனியன், லெகின்ஸ்லதான் குளிக்கிறா.

பழைய_நாலாம்_லேன் · மே 26, இரவு 9.50

தாராளமா. சர்வதேச விதிப்படியே பொம்பளப்பிள்ளைங்க உடுப்பு முட்டி வரைக்கும் வரலாம், அதைத் தாண்டக் கூடாது, கழுத்தை மூடக் கூடாது, தோளைத் தாண்டக் கூடாது. அதனால முட்டி வரைக்கும் கால் வச்சது விதிக்கு உட்பட்டதுதான், அப்பத்தாவுக்கும் உட்பட்டது. பருத்தி பனியன் மட்டும் வேண்டவே வேண்டாம். தண்ணியைக் குடிச்சு கனத்துப்போயி, பிள்ளை ஒரு கிலோ அரிசிப் பையைக் கட்டிக்கிட்டு நீந்துற மாதிரி இருக்கும். நூல் பிரிஞ்சு குளத்து ஃபில்டரையும் அடைக்கும்.

கணக்குப்_பார்க்கும்_அப்பா · மே 27, காலை 9.30

என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இறுதியில் என்ன? குற்றாலீசுவரன் 1994இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயதுகூட நிறையவில்லையே என்று நாடே வியந்தது. 1996இல் அர்ஜுனா விருது. அப்படிப்பட்டவரே பிறகு படிப்பு, வேலை என்றுதான் போனார். நம் பிள்ளைகள் எம்மாத்திரம்?

பழைய_நாலாம்_லேன் · மே 27, காலை 11.10

சார், அந்தக் குற்றாலீசுவரனாலதான் நான் குளத்துக்கே வந்தேன்! பேப்பர்ல படம் பார்த்துட்டு எங்கப்பா மறுநாளே என்னைத் தூக்கிட்டுப் போனாரு. அந்த வருஷம் எங்க தெருவுல ஏழெட்டுப் பையன்களைத் தண்ணியில தள்ளுனாய்ங்க.

சின்ன ஊர்ல இருந்து யாரும் வரலைன்னும் சொல்ல முடியாது. சஜன் பிரகாஷ் நெய்வேலியில வளர்ந்தவரு. அவங்கம்மா என்.எல்.சி.யில வேலை பார்த்த தடகள வீராங்கனை. 2021ல ரோம்ல 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிஷம் 56.38 செகண்ட்ல முடிச்சு, நேரடியா ஒலிம்பிக் போக வைக்கிற 'ஏ' தகுதி நேரத்தைத் தொட்ட முதல் இந்திய நீச்சல்காரர் ஆனாரு. தகுதி நேரம் 1:56.48. பத்துல ஒரு செகண்டு. கண் சிமிட்டுறதுக்குள்ள முடிஞ்சிரும். ஆனா நான் இதை உங்க கேள்விக்குப் பதிலாச் சொல்லலை. லட்சத்துல ஒருத்தரைக் காட்டி மத்த பிள்ளைகளை விடச் சொல்றது அந்த 'பொட்டன்ஷியல்' கதைதான்.

என் பதில் வேற. முதலமைச்சர் கோப்பை, பள்ளிக்கூடப் போட்டிகள்னு நீந்தக் களம் இருக்கு. அரசு வேலையில விளையாட்டுக்காரங்களுக்கு மூணு சதவீத ஒதுக்கீடும் இருக்கு, ஆனா அதுக்கு உசந்த பதக்கம் வேணும், அதை நம்பிச் சேர்க்காதீங்க. நான் எதையும் ஜெயிக்கலை. மாவட்டப் போட்டியில ஒரு வெண்கலம், அதுவும் அன்னைக்கு நல்லா நீந்துறவனுக்குக் காய்ச்சல். நாப்பது தாண்டிட்டேன், இன்னைக்கும் மனசு சரியில்லைன்னா தண்ணியில இறங்கி இருபது லெங்த் போயிட்டு வர்றேன். அதை உங்க கணக்குல எந்தப் பத்தியில எழுதுவீங்கண்டு எனக்குத் தெரியலை சார்.

கணக்குப்_பார்க்கும்_அப்பா · மே 27, பகல் 1.05

எழுதுவதற்குப் பத்தி இல்லைதான். ஆனாலும் என் பதினெட்டு நிமிடக் கணக்கு நிற்கிறது. அம்மா, நீங்கள் சேர்த்தாலும் கைக்கடிகாரத்தை எடுத்துச் செல்லுங்கள்.

வைகைக்கரை · மே 27, மாலை 6.20

இடையில ஒண்ணு, தலைப்பை விட்டு விலகுது, மன்னிக்கணும். டீம்ல சேர்ந்த பிள்ளைங்களுக்கு "எனக்கு நீச்சல் தெரியும்"ங்கிற தைரியம் வந்து, சோழவந்தான் பக்கம் வாய்க்கால்லயும், திருவிழாவுக்கு ஆத்துல தண்ணி விடுறப்பவும் இறங்கிடுறாய்ங்க. குளத்துத் தண்ணி நிக்கிற தண்ணி. வாய்க்கால் ஓடுற தண்ணி, கரை சிமெண்ட் பூசி வழுக்கும், பிடிக்க ஒண்ணும் இருக்காது. வைகையில மணல் அள்ளுன குழி எங்க இருக்குன்னு அள்ளுனவனுக்கு மட்டும்தான் தெரியும். எங்க தெருவுல நல்லா நீந்துற பையன் ஒருத்தன், விழுந்த கூட்டாளியைத் தூக்கப் போயி ரெண்டு பேரும் திரும்பலை. முங்குறவன் கட்டிப் பிடிச்சான்னா எவனாலயும் உதற முடியாது. கம்பை நீட்டு, கயிறைப் போடு, கேனைத் தூக்கி எறி, நீ இறங்காதே. இதை எந்த டீம்லயாவது சொல்லிக் கொடுக்கிறாங்களான்னு கேளுங்க அக்கா.

மேலூர்_மக · மே 27, இரவு 10.30

கேட்கிறேன். இதை எங்கப்பாகிட்டயும் சொல்லணும், அவர் குதிக்கிற ஆளு.

மேலூர்_மக · ஜூலை 6, இரவு 8.45

எல்லாரும் மறந்திருப்பீங்க. சேர்த்துட்டேன். மூணு மாச ஃபீஸ் மட்டும்.

முதல்ல ரெண்டு இடம் போய் உக்காந்து பார்த்தேன். ஒரு இடத்துல அடிக்கோடு தெரியலை, வந்துட்டேன். இன்னொரு இடத்துல ஒரு லேனுக்கு ஏழு பேரு, ஒரு லேடி கோச், கம்பு, வளையம் எல்லாம் சுவத்துல தொங்குது. கணக்கு சார், கடிகாரமும் எடுத்துட்டுப் போனேன். நாப்பத்தோரு நிமிஷம்.

அத்தையையும் கூட்டிட்டுப் போனேன். அவங்க பார்த்ததெல்லாம் உடை மாத்துற ரூம்புத் தாழ்ப்பாளைத்தான். ரெண்டு தடவை போட்டுத் திறந்து பார்த்துட்டு, "ம், சரி"ன்னாங்க. இப்ப வெள்ளன எந்திரிச்சு பொண்ணுக்குச் சத்துமாவு கரைக்கிறது அவங்கதான். கறுப்பைப் பத்திப் பேச்சு நிக்கலை, கஸ்தூரி மஞ்சள் வாங்கி வச்சிருக்காங்க, அதுல நான் தலையிடலை.

முதல் ரெண்டு வாரம் நாலாம் லேன் அண்ணன் சொன்ன மாதிரியே. "நான் நீச்சல் தெரியாதவளா?"ன்னு அழுதா. ஒரு நாள் போகமாட்டேன்னு கட்டிலைப் பிடிச்சுக்கிட்டா. நான் விட்டுட்டேன், அன்னைக்குப் போகலை. மறுநாள் அவளே பையை எடுத்து வச்சிருந்தா. லேன்ல ஒரு ஃபிரண்டு, அவ காகில்ஸ் வார் இவகிட்ட இருக்காம், திருப்பிக் கொடுக்கணுமாம். அண்டாவுல "ம்ம்ம்" நடந்துக்கிட்டே இருக்கு.

இப்ப எழுதுற காரணம் வேற. போன ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனோம். போன கையோட கிணத்துக்கு ஓடுனா. அப்பா மேல திண்டுல உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தாரு. இவ படியில இருந்து இறங்கி, குளத்துல சொல்லிக் கொடுத்த மாதிரி, முகத்தை உள்ள வச்சு, கையையும் காலையும் விரிச்சு, அசையாம மிதந்திருக்கா. கோச் பத்து எண்ணச் சொல்வாங்களாம், இவ இருபது எண்ணியிருக்கா.

அப்பாவுக்குப் பார்க்கக் கிடைச்சது ஒண்ணுதான்: பேத்தி குப்புறக் கிடக்குறா. வேட்டியோட, வெத்தலையோட, மடியில மொபைலோட குதிச்சிட்டாரு.

இவ தலையைத் தூக்கி, "தாத்தா, ஏன் என் கவுண்ட்டைக் கெடுத்தீங்க"ன்னு கேட்டிருக்கா.

அரை மணி நேரம் ரெண்டு பேரும் பேசிக்கலை. அப்புறம் அப்பா, "இனிமே முகத்தை முக்குறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லிட்டு முக்கு"ன்னாரு. சாயங்காலம் அவரும் முகத்தை முக்கிப் பார்த்தாரு. ஏழு வரைக்கும் எண்ணினா. வெத்தலை வாயோட முக்கக் கூடாதுன்னு அவருக்கு யாரும் சொல்லலை.

கடப்பாரை_நீச்சல் · ஜூலை 6, இரவு 8.52

மொபைல் என்னாச்சு அக்கா?

மேலூர்_மக · ஜூலை 6, இரவு 9.01

அரிசிக்குள்ள இருக்கு.